கோப்ளின் மண்டபத்தில் ஆறு தடவை தோற்ற தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினிப் பாத்திரமேற்பு விளையாட்டை விளையாடத் தொடங்கி இரண்டு கிழமை ஆகிறது. கோப்ளின் என்ற குட்டி அரக்கர்களின் முகாமின் உள் மண்டபத்தில் அவர்களுடைய தலைவனோடு மோதி ஆறு தடவை உங்கள் நால்வர் குழு முழுவதும் செத்துவிட்டது. நடுத்தரக் கடினநிலையிலிருந்து இலகுநிலைக்கு இறங்கலாமா என்று யோசிக்கிறீர்கள். இறங்கினால் அது விளையாட்டே இல்லை என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். கடைசியாக, சண்டையை இலகுவாக்கினால் கதையில் நாம் எடுக்கும் முடிவுகளுக்கும் மதிப்புப் போய்விடுமா என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

உடனடிப் பதில்: இறக்கலாம். எக்ஸ்ப்ளோரர் (இலகு), பலன்ஸ்ட் (நடுத்தரம்), டக்டிஷியன் (கடினம்) என்ற மூன்று நிலைகளுக்கும் இடையில் விளையாட்டின் நடுவிலேயே மாறிக்கொள்ளலாம். இறக்கியதைப் பிறகு ஏற்றலாம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் கை வைப்பதற்கு முன் ஒன்றைக் கேட்கிறேன். ஆறு தடவையும் ஒரே மாதிரித்தானே அந்த மண்டபத்துக்குள் போனீர்கள்? கதவைத் திறந்து, நால்வரும் ஒன்றாக நடந்து, தலைவனுக்கு முன்னால் நின்று கதைத்து, கதை முற்றிச் சண்டையாகி, சுற்றிவர நின்ற எல்லோரும் பாய்ந்தார்கள். நீங்கள் எழுதியதிலிருந்து எனக்கு அப்படித்தான் விளங்குகிறது. அப்படியானால் அந்தச் சண்டை உங்களுக்கு ஒரே செய்தியை ஆறு தடவை சொல்லியிருக்கிறது.

ஒரு சண்டையின் கடினம் நல்லதா கெட்டதா என்று நான் ஒரே உரைகல்லில்தான் உரைத்துப் பார்ப்பேன். தோற்று எழும்பிய பிறகு என் கண்ணுக்குப் புதிய வழிகள் தெரிகின்றனவா, இல்லையென்றால் இருந்த வழிகளும் மூடிப்போய் ஒரே வழிதான் மிஞ்சுகிறதா? முதலாவது என்றால் கடினம் நம் தெரிவுகளுக்கு உயிர் கொடுக்கிறது. இரண்டாவது என்றால் அந்தக் கடினத்தால் எவருக்கும் பயன் இல்லை.

இதை நான் கற்றுக்கொண்டது 2003இல். யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ-9 பாதை திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கூட்டாளி ஒருவனின் அண்ணன் கொழும்பிலிருந்து வரும்போது ஐந்து சீடிக்களில் முதலாவது பால்டர்ஸ் கேட்டைக் கொண்டுவந்தார். 1998இல் வந்த விளையாட்டு எங்கள் ஒழுங்கைக்கு வர ஐந்து வருடம் எடுத்தது. கொக்குவிலில் அவன் வீட்டு முன்னறையில் ஒரு கணினி, அதைச் சுற்றி நான்கு பேர். ஆளுக்கொரு பாத்திரம் என்று பங்கு போட்டோம். என் பங்குக்கு வந்தது மந்திரவாதி. முதல் லெவலில் மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி நாற்பக்கப் பகடையால் முடிவாகும். உடல்வலுவுக்கான மேலதிகம் இல்லாவிட்டால் உச்சம் 4. எதிரி கையில் நீள்வாள் இருந்தால் ஒரு வெட்டுக்கு 1 முதல் 8 வரை சேதம். எட்டில் ஐந்து பங்கு வெட்டுகள் என்னை ஒரே அடியில் கொல்லும். கூட்டாளிகள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் நான் பார்வையாளனாகிவிடுவேன்.

அந்த விளையாட்டின் தொடக்கத்தில் ஒரு சத்திரம் வரும். அதன் வாசற்படியில் ஒரு மந்திரவாதி காத்திருப்பான், நம் தலைக்கு விலை வைக்கப்பட்டிருப்பதை அறிந்தவன். இரண்டு வார்த்தை கதைப்பான், பிறகு மந்திரம் ஓதத் தொடங்குவான். முதலில் தன்னைப் போலப் பல நிழலுருவங்களை உருவாக்கிக்கொள்வான். அடுத்து பயமூட்டும் மந்திரம். எங்கள் ஆட்கள் அலறிக்கொண்டு நாலா பக்கமும் ஓடுவார்கள். ஓடுகிறவர்களை ஒவ்வொருவராக அவன் முடிப்பான். அன்று பின்னேரம் எத்தனை தடவை செத்தோம் என்று எண்ணவில்லை. லெவல் ஏற்றிக்கொண்டு வருவோம் என்று ஒருவன் சொன்னான். வாள் வாங்குவோம் என்று இன்னொருவன். அறை மூலையில் சும்மா பார்த்துக்கொண்டிருந்த அண்ணன்தான் சொன்னார்: "அவன் வாய் அசையும்போது அடி விழுந்தால் மந்திரம் குழம்பிவிடும், கவனித்தீர்களா?"

நாங்கள் கவனிக்கவில்லை. அந்த விதியில் மந்திரம் ஓதிக்கொண்டிருக்கும்போது சேதம் பட்டால் மந்திரம் முறிந்துவிடும். எங்களிடம் வில்லும் இருந்தது, மிக விரைவாக ஓதி முடிக்கக்கூடிய மாய அம்பு மந்திரம் என் பாத்திரத்திடமும் இருந்தது. அடுத்த தடவை, அவன் கை தூக்கியதும் விளையாட்டை நிறுத்திவைத்தோம். அம்பை ஏவச் சொல்லி, என் மாய அம்பையும் ஏவி, மறுபடி ஓடவிட்டோம். ஓதல் முறிந்தது. அவன் திரும்ப ஓதத் தொடங்கினான், இன்னொரு அம்பு. ஒரு நிமிடத்தில் படியில் விழுந்துகிடந்தான். எங்கள் லெவல் மாறவில்லை, ஆயுதம் மாறவில்லை. அடிக்கும் கணத்தை மட்டும் மாற்றினோம். அந்த முன்னறையில் அன்று எழுந்த சத்தத்துக்கு அடுத்த வளவிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

நல்ல கடினம் என்று நான் சொல்வது இதை. எதிரி பலமானவன்தான், ஆனால் அவன் பலத்தில் ஒரு கதவு இருக்கிறது. அந்தக் கதவைக் கண்டுபிடிக்காமல் முட்டிக்கொண்டிருந்தால் தலைதான் வலிக்கும்.

இனிக் கெட்டதைச் சொல்கிறேன். ஸ்கைரிம் 2011இல் வந்தது. உலகத்தை உருவாக்கிய விதத்தில் அதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அதன் கடினநிலை வெறும் பெருக்கல் கணக்கு. லெஜண்டரி என்ற உச்ச நிலையில் நீங்கள் அடிப்பதில் கால்வாசிதான் எதிரிக்குப் படும், எதிரி அடிப்பது மூன்று மடங்காக உங்கள் மேல் படும். எதிரி புதிதாக எதையும் யோசிப்பதில்லை. நான்கு வெட்டில் விழ வேண்டிய எலும்புக்கூடு பதினாறு வெட்டுக்கு நிற்கும், அவ்வளவுதான். இதன் விளைவைப் பாருங்கள். இரண்டு கையிலும் வாள் பிடித்துப் பாய்கிற வீரனாக நீங்கள் கதையைத் தொடங்கியிருந்தால் அந்த ஆள் அங்கே பிழைப்பது பெரும்பாடு. மெல்ல மெல்ல எல்லோரும் இருட்டில் பதுங்கியிருந்து அம்பெய்பவர்களாக மாறுகிறார்கள், அல்லது கவசமும் மருந்தும் செய்யும் பட்டறையிலேயே மணிக்கணக்காகக் கிடக்கிறார்கள். ஆயிரம் விதமாக வாழலாம் என்று சொன்ன உலகம் இரண்டு விதமாகச் சுருங்கிவிடுகிறது. கடினம் கூடியது, தெரிவு குறைந்தது.

அதற்கு முந்திய ஒப்லிவியனில், 2006இல், வேறொரு பிழை. நீங்கள் லெவல் ஏற ஏற உலகமும் கூடவே ஏறும். பத்துக் காசுக்கு வழிமறிக்கும் கொள்ளைக்காரன் கடைசியில் கண்ணாடிக் கவசம் போட்டுக்கொண்டு வந்து நிற்பான். அந்தக் கவசத்தை விற்றால் அவன் வாழ்நாள் முழுவதும் வழிமறிக்கத் தேவையில்லை. எங்கே போனாலும் ஒரே அளவு கடினம் என்றால் எங்கே போவது என்ற முடிவுக்கு என்ன பெறுமதி? 2001இல் ஜெர்மனியிலிருந்து வந்த கோதிக் இதற்கு நேர்மாறு. அங்கே உலகம் உங்களுக்காக வளைந்துகொடுக்காது. காட்டு விளிம்பில் நிற்கும் ஓநாய் தொடக்கத்தில் உங்களைக் கொன்றே தீரும். எந்தப் பாதையால் போகலாம், எதைச் சுற்றிப் போகவேண்டும், யாரைத் துணைக்குக் கூப்பிடலாம் என்று யோசித்து நடப்பீர்கள். பிறகொரு நாள் அதே ஓநாயிடம் திரும்பி வருவீர்கள். அந்த நாளின் மகிழ்ச்சியை ஒப்லிவியன் எனக்குத் தந்ததே இல்லை.

கடினத்தை ஒழுங்காகக் கூட்டியவர்களும் இருக்கிறார்கள். உங்கள் விளையாட்டைச் செய்த பெல்ஜியத்து லாரியன் நிறுவனம், டிவினிட்டி ஒரிஜினல் சின்னின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் டக்டிஷியன் நிலையைச் சேர்த்தபோது, சண்டைகளையே திருத்தி அமைத்தது. புதிய எதிரிகள் வந்தார்கள், பழைய எதிரிகளுக்குப் புதிய வித்தைகள் கிடைத்தன. பால்டர்ஸ் கேட் 3இல் டக்டிஷியன் பெரும்பாலும் எண்களைத்தான் கூட்டுகிறது, எதிரியின் உயிர்ப்புள்ளி நூற்றுக்கு 30 அளவுக்கு ஏறும். அது எனக்குச் சிறிது ஏமாற்றம். ஆனால் 2023 நவம்பர் கடைசியில் வந்த ஹானர் நிலை அந்தக் குறையைத் தீர்த்தது. அதில் பெரிய எதிரிகளுக்கு அவர்களுக்கே உரிய சிறப்புச் செயல்கள் இருக்கின்றன. நீங்கள் ஒன்று செய்தால் அவர்கள் பதிலுக்கு ஒன்று செய்வார்கள். பழகிய தந்திரத்தை மாற்ற வேண்டிவரும். விளையாட்டைச் சேமித்து வைக்கவும் ஒரே ஓர் இடம்தான். நீங்கள் இப்போது அந்தப் பக்கம் போகவேண்டாம், ஒரு தடவை கதை முழுவதையும் முடித்த பிறகு போங்கள்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. தெரிவு என்று ஒன்று இருக்கவேண்டுமானால் அதைப் பற்றிய தகவல் முன்னமே கண்ணில் படவேண்டும். பாத்ஃபைண்டர் கிங்மேக்கர் 2018இல் வந்தபோது தொடக்கத்திலேயே ஒரு குகையில் சிலந்திக் கூட்டம் வரும். அது ஆயிரக்கணக்கான சிறு சிலந்திகளின் திரள், தனிச் சிலந்தி அல்ல. விதிப்படி அதை வாளாலோ அம்பாலோ தொடவே முடியாது. நெருப்புக் குப்பி, அமிலக் குப்பி, அல்லது பரந்து விழும் மந்திரம் வேண்டும். மேசையில் உட்கார்ந்து பாத்ஃபைண்டர் ஆடிப் பழகியவருக்கு இது பாலபாடம். கணினியில் முதல் தடவை தொடுகிறவர் தன் வாள் ஏன் காற்றை வெட்டுகிறது என்று தெரியாமல் செத்துக்கொண்டிருப்பார். யோசனை அருமையான யோசனை. ஆனால் குகைக்குப் போகிற வழியில் ஒரு கிழவி, "வாளை நம்பிப் போகாதே மகனே, நெருப்புக் கொண்டு போ" என்று சொல்லியிருந்தால் அதே சண்டை எவ்வளவு இனித்திருக்கும்! தகவல் இல்லாத இடத்தில் நாம் எடுப்பது தெரிவு அல்ல, சீட்டிழுப்பு.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். சண்டையை இலகுவாக்கினால் கதை முடிவுகளின் மதிப்புப் போய்விடுமா?

சில முடிவுகளுக்குப் போகும். எப்படி என்று உங்கள் விளையாட்டிலிருந்தே காட்டுகிறேன். கோப்ளின் முகாமுக்குப் போகும் வழியில் பாழடைந்த கிராமம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு வீட்டுக்குள் மூன்று ஓகர்கள், மனிதனைவிடப் பல மடங்கு பெரிய முரட்டு ஆட்கள், ஒரு பிணத்தைத் தின்றுகொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவனுக்கு மட்டும் அறிவு கூர்மை, தலையில் அணிந்திருக்கும் மாயப் பட்டியால் வந்த கூர்மை. அவனோடு கதைத்துப் பேரம் பேசினால் ஓர் ஊதுகொம்பைத் தருவான். சண்டை முற்றிய நேரத்தில் ஊதினால் மூவரும் உங்கள் பக்கம் வந்து நிற்பார்கள். பேரம் பேசாமல் கொன்றுவிட்டால் அந்தத் தலைப்பட்டி உங்களுக்கு.

இப்போது இலகுநிலையில் விளையாடும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருக்குத் துணை தேவையே இல்லை. பிணம் தின்னும் ஆட்களை அருவருப்போடு கொன்றுவிட்டு நல்லவனாக நடந்துபோவார். அந்த நல்ல குணத்துக்கு அவர் எதையும் கொடுக்கவில்லை. ஆறு தடவை மண்டபத்தில் செத்த உங்களுக்கு அந்தக் கொம்பு சும்மா கொம்பு அல்ல. "இவர்களோடு நான் சேர்வதா?" என்ற கேள்வி உங்கள் நெஞ்சில் உண்மையாகவே குத்தும், ஏனென்றால் சேராவிட்டால் ஏழாவது தடவையும் சாகக்கூடும் என்று உங்களுக்குத் தெரியும். சண்டையின் கடினம் சண்டைக்கு வெளியே உள்ள முடிவுக்கு எடை ஏற்றுவது இப்படித்தான்.

ஓய்வு எடுப்பதும் அப்படியே. 1998இல் வந்த பழைய பால்டர்ஸ் கேட்டில் ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் எட்டு மணி நேரம் படுத்தெழும்பலாம். இடையில் ஏதாவது மிருகம் வந்து எழுப்பினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதனால் மந்திரத்தைச் சேமித்து வைப்பதா, இப்போதே செலவழிப்பதா என்ற கேள்வி பல இடங்களில் செத்துப்போனது. உங்கள் விளையாட்டில் முகாமிட்டு முழு ஓய்வு எடுக்க 40 அலகு உணவு வேண்டும், டக்டிஷியனில் 80. அதைவிட முக்கியமாக, சில இடங்களில் உலகம் உங்களுக்காகக் காத்திருக்காது. வழியில் ஒரு சத்திரம் தீப்பிடித்து எரிகிறது. அதைக் கண்ட பிறகு போய்ப் படுத்துவிட்டு மறுநாள் வந்தால் காப்பாற்ற உள்ளே எவரும் இருக்கமாட்டார்கள். களைத்த குழுவோடு நெருப்புக்குள் இறங்குவதா என்று அங்கே நின்று யோசித்த அந்த அரை நிமிடத்துக்காகவே நான் இந்த வகை விளையாட்டுகளை விரும்புகிறேன்.

எல்லாத் தெரிவுக்கும் சண்டைதான் எடைக்கல் என்று நினைத்துவிடாதீர்கள். 1999இல் வந்த பிளேன்ஸ்கேப் டோர்மென்ட்டின் நாயகனுக்குச் சாவே முடிவல்ல, செத்தால் எழும்பி வந்துவிடுவான். அறிவும் விவேகமும் ஏற்றிய பாத்திரம் என்றால் கடைசி மோதலைக்கூட வாளெடுக்காமல் வார்த்தையால் முடிக்கலாம். சண்டைகள் சுமார்தான், நான் அவற்றை இலகுவாக்கிவிட்டுத்தான் இரண்டாம் தடவை விளையாடினேன், எதையும் இழக்கவில்லை. 1985இல் வந்த அல்டிமா நான்கு இன்னும் அழகான வேலை செய்தது. எட்டு அறங்களில் தேறுவதுதான் இலக்கு, கொன்று முடிக்க ஒரு பெரிய வில்லன் கிடையாது. சண்டையில் நீங்கள் நடந்துகொள்ளும் விதமே கணக்கில் ஏறும். நீங்கள் புறமுதுகிட்டு ஓடினால் வீரம் குறையும். தீமையற்ற விலங்கு பயந்து ஓடும்போது விட்டுவிட்டால் கருணை கூடும். அன்றே இதைச் செய்தவர்கள் இருக்கும்போது, இன்று வரும் பல விளையாட்டுகள் சண்டையை ஒரு பக்கமும் அறத்தை இன்னொரு பக்கமும் தனித்தனி அறையில் பூட்டி வைப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

கடந்த வருடம் அக்காவின் மகள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், என் வீட்டில் உட்கார்ந்து இதே கோப்ளின் முகாமின் வெளிவாசலில் மூன்று தடவை செத்தாள். நான் பின்னால் கதிரையில் இருந்தேன், வாய் திறக்கவில்லை. நான்காவது தடவை சுட்டெலியைக் கையிலிருந்து எடுத்துவிட்டுத் திரையையே பார்த்தாள். "மாமா, இவர்களோடு கதைத்தால் என்ன?" என்று கேட்டாள். கதைத்துப் பார் என்றேன். காவலாளி, பெரிய ஓநாயின் சாணத்தை முகத்தில் பூசிக்கொண்டால் உள்ளே விடுவதாகச் சொன்னான். அவள் ஒரு இளவரசியைப் போல உருவாக்கி வைத்திருந்த பாத்திரம் அது. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு பூசிக்கொண்டாள். ஒரு துளி இரத்தம் சிந்தாமல் நால்வரும் உள்ளே போனார்கள். அன்று முழுவதும் அவள் அதைத்தான் கதைத்துக்கொண்டிருந்தாள், வென்ற சண்டைகளைப் பற்றி அல்ல. மூன்று தோல்வி இல்லாமல் முதல் தடவையே வாசலை வெட்டித் திறந்திருந்தால் அந்தச் சாணம் அவள் முகத்துக்கு வந்திருக்காது, அந்தக் கதையும் அவளுக்குக் கிடைத்திருக்காது.

பகடை தோற்றால் உடனே பழைய சேமிப்பைத் திறக்கும் பழக்கம் உங்களிடம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதை மெல்ல விடுங்கள். குழு முழுவதும் செத்தால் திறங்கள், அது வேறு. ஒருவரை இணங்கவைக்கத் தவறினாலோ, பூட்டுத் திறக்காவிட்டாலோ, கள்ளன் பிடிபட்டாலோ அப்படியே தொடருங்கள். இந்த விளையாட்டில் தோல்விகளுக்கும் காட்சிகள் எழுதி வைத்திருக்கிறார்கள், அவற்றில் சில வெற்றிக் காட்சிகளைவிட நன்றாக இருக்கும்.

இலகுநிலையைப் பற்றிக் கூட்டாளிகள் சொல்வதற்கு என் பதில் இது. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் இல்லாத நாட்கள் வந்தன. வேலை முடிந்து, எண்ணெய் வரிசையில் நின்று, வீட்டுக்கு வந்தால் மடிகணினியில் மிஞ்சியிருக்கும் மின்கலம் நாற்பது நிமிடத்துக்குப் போதும். அப்போது பில்லர்ஸ் ஒவ் எடர்னிட்டி விளையாடிக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய சண்டையில் இருபத்தைந்து நிமிடம் போராடி, வெல்லும் தறுவாயில் திரை இருண்டது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கதை நிலைக்கு இறக்கினேன். வாழ்க்கை அன்று தந்த கடினமே எனக்குப் போதுமாக இருந்தது. அந்த நாற்பது நிமிடத்தில் எனக்கு வேண்டியிருந்தது அந்த உலகத்து மனிதர்களோடு கதைப்பதுதான். அந்த விளையாட்டின் முடிவில் நான் எடுத்த தீர்மானம் இன்றும் எனக்குள் உறுத்துகிறது. இலகுநிலையில் எடுத்தது என்பதால் அந்த உறுத்தல் குறையவில்லை. ஆகவே களைத்து வருகிறவர், கை நோவுள்ளவர், கதைக்காகவே வருகிறவர் எவரும் எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. உங்கள் கூட்டாளிகளுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

நீங்கள் ஆனால் களைத்துப்போய்க் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. வெல்ல ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் ஏழாவது தடவைக்குச் சில வேலைகள் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. தொடக்க லெவலில் உங்கள் வீரனுக்குத் தாக்குதல் மேலதிகம் 5 என்று வையுங்கள், எதிரியின் கவச எண் 15. இருபது பக்கப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழவேண்டும், அதாவது நூற்றுக்கு 55. அனுகூலம் கிடைத்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கலாம். அப்போது அது நூற்றுக்கு 80 அளவுக்கு ஏறிவிடும். உயரத்திலிருந்து அம்பெய்தால் கூடுதலாக 2 கிடைக்கும், 55 என்பது 65 ஆகும். கீழே நின்று மேலே எய்தால் அதே 2 கழியும். நீங்கள் ஆறு தடவையும் மண்டபத்தின் நடுத்தரையில் நின்றீர்கள். அந்த மண்டபத்தின் மேலே உத்திரங்கள் ஓடுகின்றன, ஏறிப் போகலாம்.

அடுத்தது, ஒரு உயிர்ப்புள்ளி மிஞ்சிய கோப்ளினும் முழுப் பலத்தோடுதான் அடிப்பான். நான்கு பேரும் நான்கு எதிரியைக் காயப்படுத்தினால் நான்கு அடியும் திரும்பி வரும். நால்வரும் ஒருவனையே முடித்தால் ஒரு அடி குறைந்துவிட்டது. எதிரிகளின் மொத்த உயிர்ப்புள்ளியை அல்ல, அவர்களுக்கு அடிக்கக் கிடைக்கும் தடவைகளைக் குறைப்பதுதான் இந்த விதிமுறையில் முழு இரகசியமும்.

நிற்கும் இடம். கிளித்தட்டு ஆடியவர் என்றால் உங்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மறித்து நிற்பவர் தன் கோட்டை விட்டு வரமுடியாது, கிளி ஒருவர்தான் நடுக்கோட்டால் ஓடி வரலாம். கிளி எந்தப் பக்கம் முகம் திருப்பியிருக்கிறது என்று பார்த்துக் கால் வைப்பவர் தட்டைத் தாண்டுவார், கண்ணை மூடிக்கொண்டு ஓடுபவர் அடி வாங்குவார். இங்கேயும் எதிரியின் கைக்கெட்டும் தூரத்திலிருந்து சும்மா விலகினால் அவனுக்கு இலவசமாக ஒரு அடி கிடைக்கும். அதை உங்கள் பக்கம் திருப்புங்கள். கதவு நிலையில் உங்கள் கவசக்காரரை நிறுத்துங்கள். பத்துப் பேர் இருந்தாலும் வாசலுக்குள் இரண்டு பேர்தான் ஒரே நேரத்தில் வரமுடியும். வாசலுக்கு அப்பால் வழுக்கு மந்திரத்தை விரியுங்கள். வழுக்கி விழுந்து நெருங்கி நிற்கும்போது நெருப்பு அம்பு ஒன்று போதும், அந்த எண்ணெய் பற்றிக்கொள்ளும்.

முகாமுக்குள் முரசுகள் இருக்கின்றன. சண்டை தொடங்கியதும் ஒருவன் ஓடிப்போய் அடிப்பான், வெளியே நிற்பவர்களும் வந்துவிடுவார்கள். முரசை முன்னமே உடைத்துவிடுங்கள், அல்லது முரசுக்குப் பக்கத்தில் நிற்பவனை முதலில் முடியுங்கள். வெளிமுற்றத்தில் அவர்கள் குடிக்கும் மதுவில் நஞ்சு கலக்கலாம். அதைச் செய்வதா என்பதை உங்கள் பாத்திரத்தின் மனச்சாட்சியிடம் விடுகிறேன். தலைவர்கள் மூன்று பேர், மூவரும் வெவ்வேறு இடத்தில் இருக்கிறார்கள். பெண் பூசாரியிடம், கதையின் தொடக்கத்தில் உங்கள் தலைக்குள் ஏறிய புழுவைப் பற்றிச் சொன்னால் தன் தனியறைக்கு அழைத்துப் போவாள், அங்கே அவளைச் சுற்றிக் கோப்ளின் கூட்டம் இருக்காது. மண்டபத்துத் தலைவனைக் கடைசியாக வையுங்கள்.

அந்த மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு குழி இருக்கிறது, அதற்குள் சிலந்திகளை அடைத்து வைத்திருக்கிறார்கள். மிருகங்களோடு கதைக்கும் மருந்துக் குப்பி ஒன்று உங்கள் பையில் கட்டாயம் கிடக்கும், தொடக்கத்திலேயே ஒன்றிரண்டு கிடைத்திருக்கும். அதைக் குடித்துவிட்டு முதலில் அந்தக் குழி விளிம்பில் போய் நில்லுங்கள். அவற்றுக்கு யார் மேல் கோபம் என்று கேட்டுப் பாருங்கள்.